கட்டட வேலைக்கு ஏற்ற மடக்குக் கத்தி

கட்டட வேலை நடக்கும் இடத்தில் மடக்குக் கத்திக்கு ஓய்வே கிடையாது. சிமென்ட் மூட்டையின் தையல் நூலை அறுப்பதில் காலை தொடங்கும். சாரக் கயிற்றின் மிச்சத்தை நறுக்குவது, டைல்ஸ் பெட்டியைச் சுற்றிய பிளாஸ்டிக் பட்டையை வெட்டுவது, அறுத்த பி.வி.சி. குழாயின் வாயில் பிசிறு எடுப்பது, தூணில் சுற்றுவதற்குச் சாக்கைக் கிழிப்பது, தச்சரின் பென்சிலைச் சீவுவது, ஜன்னல் சட்டத்தில் வழிந்து காய்ந்த சிலிக்கானைச் சுரண்டுவது என்று மாலைவரை வேலை வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனிக் கருவி இருக்கத்தான் செய்கிறது. ஆனால் நான்காவது மாடிச் சாரத்தில் நிற்பவருக்கு அந்த நேரத்தில் கைக்கு எட்டுவது பையில் இருக்கும் கத்தி ஒன்றுதான்.

வீட்டில் பழம் நறுக்கும் கத்திக்கு நேராத மூன்று சோதனைகள் இந்தக் கத்திக்கு நேர்கின்றன. மணல் அதன் கூர்மையைத் தின்கிறது. சிமென்ட் பால் அதன் கீலுக்குள் இறங்கி இறுகுகிறது. உயரத்தில் கை நழுவினால் அது கீழே நிற்பவர்மேல் விழுகிறது. கடையில் கண்ணைப் பறிக்கும் பளபளப்போ அலகில் பொறித்த ‘ஸ்டெயின்லெஸ்’ முத்திரையோ இவற்றுக்குப் பதில் சொல்லாது. நீடித்து உழைக்கும் கத்தி எது என்று அறிய எஃகு, கீல், பூட்டு, அலகு, பிடி ஆகிய ஐந்தையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

எஃகு

மணலின் பெரும்பகுதி குவார்ட்ஸ். கனிமங்களின் கடினத்தன்மையை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவில் அதன் இடம் 7. பதப்படுத்திய கத்தி எஃகு அதே அளவில் 6-ஐ ஒட்டி நிற்கும். மணல் படிந்த மூட்டையையோ கயிற்றையோ அறுக்கும்போது, தன்னைவிடக் கடினமான பொருள்மீது கத்தியின் வாய் உரசுகிறது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கத்தியும் இதனால் மழுங்கத்தான் செய்யும். எவ்வளவு சீக்கிரம் மழுங்குகிறது, மழுங்கியதை எவ்வளவு எளிதாகத் தீட்டலாம் என்பதில்தான் ஒரு கத்திக்கும் இன்னொரு கத்திக்கும் வேறுபாடு.

கத்தி எஃகின் கடினத்தன்மையை ராக்வெல் ‘சி’ அளவில் குறிப்பது வழக்கம். அமெரிக்காவைச் சேர்ந்த ஹியூ ராக்வெல், ஸ்டான்லி ராக்வெல் இருவரும் 1914-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த சோதனைக் கருவியிலிருந்து வந்த அளவு இது. மடக்குக் கத்திகள் பெரும்பாலும் 54 முதல் 62 வரை இருக்கும். எண் குறைந்தால் அழுத்தி அறுக்கும்போது வாய் ஒரு பக்கமாக மடங்கிவிடும். ஆனால் சில இழுப்புகளில் தீட்டிச் சரிசெய்துவிடலாம். எண் கூடினால் கூர்மை நெடுநேரம் நிற்கும். ஆனால் மரத்தில் இருக்கும் ஆணியில் பட்டாலோ வெட்டும்போது திருகினாலோ வாய் பொரிந்துவிடும். பொரிந்த வாயைத் தீட்டுவதற்கு நிறைய எஃகைத் தேய்த்துக் கழிக்க வேண்டும். ஆணி, கம்பி, கல் எல்லாம் கலந்து கிடக்கும் இடத்தில் 56 முதல் 59 வரையிலான எஃகே நடைமுறைக்கு ஒத்துவரும்.

எஃகின் பெயரைத் தெரிந்துகொண்டு வாங்குவது நல்லது. 420எச்.சி. என்பதில் கார்பன் அரை சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு, குரோமியம் சுமார் 13 சதவீதம். கூர்மை சுமார்தான், ஆனால் துருப்பிடிப்பது குறைவு. சாதாரணத் தீட்டுக்கல்லிலேயே கூராகும். சீனத் தயாரிப்புகளில் பரவலாகக் காணப்படும் 8சி.ஆர்.13மோ.வி. அதைவிடக் கார்பன் கூடியது. நடுத்தர விலைக்கு நல்ல எஃகு. சுவீடனின் 14சி28என். எஃகில் குரோமியத்தோடு நைட்ரஜனும் சேர்ந்திருப்பதால் கூர்மை, துரு எதிர்ப்பு, தீட்டும் எளிமை மூன்றும் ஓரளவு சமமாக அமைந்திருக்கும். டி2 முதலில் அச்சுக்கருவிகளுக்காக உருவானது. மணலைத் தாங்குவதில் மேலே சொன்னவற்றை அது மிஞ்சும். ஆனால் முழுமையான ஸ்டெயின்லெஸ் அல்ல, துடைக்காமல் விட்டால் புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்கும். எஸ்30வி போன்ற உயர்விலை எஃகுகளில் குவார்ட்ஸைவிடக் கடினமான வனேடியம் கார்பைடு துகள்கள் இருக்கின்றன. கூர்மை நீண்ட நாள் நிற்கும். ஆனால் மழுங்கிய பிறகு அதைக் கூராக்க வைரத்தூள் பதித்த தகடு வேண்டும். அந்தத் தகடு கைவசம் இல்லாதவருக்கு இந்த எஃகு பயன்படாது.

துரு விஷயத்தில் பலரும் சிமென்ட்டைத்தான் குற்றம் சொல்வார்கள். உண்மை வேறு. ஈரச் சிமென்ட்டின் காரத்தன்மை மிக அதிகம், அதன் பி.எச். மதிப்பு 12-க்கு மேல். அந்தக் காரத்தில் எஃகின் மேற்பரப்பில் மெல்லிய காப்புப் படலம் உருவாகும். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி பல்லாண்டுகள் துருப்பிடிக்காமல் இருப்பதற்கு இதுவே காரணம். படலத்தை உடைப்பது உப்பு. கடலோர ஊர்களின் காற்று, உவர்ப்பான போர்வெல் தண்ணீர், கையின் வியர்வை ஆகிய மூன்றிலும் குளோரைடு இருக்கிறது. கடற்கரையை ஒட்டிய வேலைகளுக்குத் துரு எதிர்ப்பு கூடிய எஃகு அவசியம். எச்1, எல்.சி.200என். ஆகியவை கடல்நீரைத் தாங்குவதற்கென்றே பெயர் பெற்றவை. பழைய முறைக் கார்பன் எஃகு நன்றாகக் கூராகும் என்றாலும் ஒரு மழை நாளில் நனைந்து, துடைக்காமல் பைக்குள் போனால் மறுநாளே பழுப்பேறிவிடும்.

கீல்

மடக்குக் கத்தியின் உயிர்நிலை அலகும் பிடியும் சேரும் கீல். கட்டட வேலையில் கத்திகள் முதலில் பழுதாவதும் அங்கேதான். கலவை போடும் இடத்தில் தெறிக்கும் சிமென்ட் பால் கீலின் இடுக்கில் இறங்குகிறது. மாலையில் கழுவாமல் விட்டால் இரவில் இறுகிக் கல்லாகிறது. மறுநாள் காலையில் அலகு பாதியில் நின்றுவிடும்; நகத்தால் பிடித்து இழுத்துத் திறக்கும்போது சட்டென்று விடுபட்டு விரலைக் கிழிக்கும். சிமென்ட் படாத இடங்களிலும் ஜிப்சம் தூள், மரத்தூள், டைல்ஸ் அறுக்கும் தூசி எல்லாம் எண்ணெயோடு கலந்து கீலுக்குள் பசையாகப் படியும்.

ஆகவே கட்டட வேலைக்கான கத்தியில் முதலில் பார்க்க வேண்டியது அதைக் கழுவ முடியுமா என்பதுதான். பிடியின் முதுகுப்பக்கம் திறந்திருந்து, இரு பக்கத் தகடுகளையும் சிறு தூண்கள் மட்டும் தாங்கி நின்றால், குழாயடியில் காட்டியதும் தண்ணீர் ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் வெளியேறிவிடும். முதுகு முழுக்க மூடிய பிடியில் அழுக்கு உள்ளேயே தங்கும். ரிவெட் அடித்த கத்தியைக் கழற்ற முடியாது. கீல் தளர்ந்தால் இறுக்கவும் முடியாது. திருகு போட்ட கத்தியைக் கழற்றிச் சுத்தம் செய்து மீண்டும் பூட்டலாம். பெரும்பாலான கத்திகளில் இருப்பது நட்சத்திரத் தலை கொண்ட டோர்க்ஸ் திருகு. டி6, டி8 அளவுகளில் இரண்டு பிட்டுகள் இருந்தால் போதும். சாதாரண ஸ்குரூடிரைவரை நெருக்கித் திருகினால் திருகின் தலை வழுக்கிப் பாழாகிவிடும்.

கீலுக்குள் அலகு சுழல்வதற்கு இருவகை ஏற்பாடுகள் உண்டு. ஒன்று, வெண்கலம் அல்லது நைலானால் ஆன தட்டையான வாஷர். மற்றது, சிறு குண்டுகள் கொண்ட பால் பேரிங். பேரிங் வைத்த கத்தியை விரல் நுனியால் தள்ளினாலே வழுக்கிக்கொண்டு திறக்கும். கடையில் கையில் எடுத்ததும் பிடித்துப்போகும். ஆனால் குண்டுகளுக்கு நடுவே ஒரு மணல் துகள் நுழைந்தாலே கரகரக்கத் தொடங்கிவிடும். தூசி மண்டிய இடத்தில் வாஷர் வைத்த கத்தி சற்று மெதுவாகத் திறந்தாலும் நீண்ட நாள் உழைக்கும்.

பூட்டு

திறந்த அலகு வேலையின் நடுவே மடங்காமல் பிடித்து நிறுத்துவது பூட்டு. பழைய மடக்குக் கத்திகளுக்குப் பூட்டு இல்லை; முதுகில் இருக்கும் வில்லின் அழுத்தம் மட்டுமே அலகைத் திறந்த நிலையில் வைத்திருக்கும். சுவிட்சர்லாந்தின் கார்ல் எல்செனர் 1891-இல் அந்நாட்டு ராணுவத்துக்குக் கொடுக்கத் தொடங்கிய சிப்பாய்க் கத்தி இந்த வகைதான். அவர் தொடங்கிய விக்டோரினாக்ஸ் நிறுவனத்தின் பல கத்திகள் இன்றும் அப்படியே வருகின்றன. அட்டைப்பெட்டி திறக்கவும் பென்சில் சீவவும் அது போதும். ஆனால் மூங்கிலைக் குத்தித் துளையிடும்போதோ, அறுக்கும் பொருளில் சிக்கிய அலகைப் பின்னுக்கு இழுக்கும்போதோ அலகு விரல்மேல் மடங்கும் வாய்ப்பு உண்டு. சுவிஸ் ராணுவமே 2008-ஆம் ஆண்டு மாதிரியில் ஒரு கையால் திறக்கும், பூட்டுள்ள அலகுக்கு மாறியது.

பூட்டுகளில் மிக எளியது வளையப் பூட்டு. பிரான்ஸின் சவோய் பகுதியில் 1890-இல் ஜோசப் ஓப்பினெல் உருவாக்கிய மரப்பிடிக் கத்தியில் 1955-இல் இது சேர்க்கப்பட்டது. பிடியின் கழுத்தில் இருக்கும் உலோக வளையத்தைத் திருப்பினால் அலகு மடங்காது. சிக்கிக்கொள்ளச் சிறு பாகம் எதுவும் இல்லாததால் பழுது அரிது. குறை, திறந்து பூட்ட இரண்டு கைகளும் வேண்டும். மரப்பிடி நனைந்தால் உப்பி அலகை இறுக்கிக்கொள்ளவும் செய்யும்.

முதுகுப் பூட்டை உலகெங்கும் பரப்பியது 1964-இல் அமெரிக்காவின் பக் நிறுவனம் வெளியிட்ட 110 என்ற கத்தி. பிடியின் முதுகில் இருக்கும் நெம்பு, அலகின் அடியில் உள்ள வெட்டில் ‘டக்’ என்று விழுந்து பற்றிக்கொள்ளும். வலுவான பூட்டு. ஆனால் அந்த வெட்டுக்குள் சிமென்ட் தூளோ மரத்தூளோ அடைந்தால் நெம்பு முழுதாக இறங்காது. பூட்டிவிட்டதுபோல் தோன்றும், ஆனால் பூட்டியிருக்காது. இந்த வகைக் கத்தி வைத்திருப்பவர்கள் அந்த வெட்டை அவ்வப்போது பல்குத்தும் குச்சியாலோ பழைய டூத் பிரஷ்ஷாலோ சுத்தம் செய்ய வேண்டும்.

இன்று அதிகம் விற்பது லைனர் பூட்டு. பிடியின் உட்பக்கத் தகடு வில்போல் வளைந்து அலகின் அடியில் முட்டி நிற்கும். அமெரிக்க ராணுவம் தொலைபேசிக் கம்பி வேலைசெய்பவர்களுக்குக் கொடுத்த டி.எல்.-29 கத்தியின் ஸ்குரூடிரைவர் அலகிலேயே இதன் பழைய வடிவம் இருந்தது. 1980-களில் மைக்கேல் வாக்கர் இதைச் செம்மைப்படுத்திப் பெரிய அலகுக்குக் கொண்டுவந்தார். தகடு சரியாக முட்டியிருக்கிறதா என்று கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம், ஒரு கையால் மூடலாம், எளிதில் கழுவலாம். பிடியின் ஒரு பக்கமே பூட்டாக அமைந்த ஃபிரேம் பூட்டு இதன் கனத்த வடிவம். கை இறுக்கிப் பிடிக்கும்போது பூட்டும் சேர்ந்து இறுகுவதால் வலு கூடும். அலகின் அடியில் குறுக்காக ஓடும் எஃகுத் தண்டால் பூட்டும் முறையை 1998-இல் பெஞ்ச்மேட் நிறுவனம் அறிமுகப்படுத்தியது. இதில் மூடும்போது விரல் அலகின் பாதைக்கு வருவதே இல்லை, இடக்கைக்காரருக்கும் ஏற்றது. அதை இயக்கும் மெல்லிய வில்கம்பிகளை மட்டும் தூசியிலிருந்து காத்துக்கொள்ள வேண்டும்.

பூட்டு எந்த வகையாக இருந்தாலும் அது விரலுக்கான பாதுகாப்பு. கத்தியை உளியாக்கும் ஏற்பாடு அல்ல. அலகின் முதுகில் சுத்தியலால் அடிப்பதும், சென்டரிங் பலகையை நெம்புவதும், பெயின்ட் டப்பாவின் மூடியைக் கிளப்புவதும் எவ்வளவு நல்ல கீலையும் சில நாட்களில் தளர்த்திவிடும். அத்தகைய வேலை அன்றாடம் இருப்பவருக்கு மடங்காத, உறையில் வைக்கும் கத்திதான் பொருத்தம். சுவீடனில் கட்டடத் தொழிலாளர்களின் இடுப்பில் தொங்கும் மோரா கத்தி அந்த வகை. விலை குறைவு, கீல் கிடையாது, கழுவித் துடைத்தால் முடிந்தது.

அலகு

அலகின் நீளம் 7 முதல் 9 செ.மீ. வரை இருந்தால் கட்டட வேலைக்குப் போதும். அதற்கு மேல் நீண்டால் பையில் இடிக்கும், நுனியைக் கட்டுப்படுத்துவதும் சிரமம். முதுகின் தடிமன் 2.5 முதல் 3.5 மி.மீ. வரை. தடித்த அலகுதான் உறுதி என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. ஆனால் 4 மி.மீ.-க்கு மேற்பட்ட அலகு அட்டையையும் ரப்பரையும் அறுக்கும்போது ஆப்பு மாதிரி சிக்கிக்கொள்ளும். கை கூடுதலாக அழுத்தும், அழுத்தும் கைதான் வழுக்கும். மெல்லிய அலகு குறைந்த விசையில் அறுப்பதால் பாதுகாப்பும் கூடுகிறது.

நுனியின் வடிவம் வேலையைப் பொறுத்தது. முதுகிலிருந்து மெதுவாகச் சரிந்து இறங்கும் ‘டிராப் பாயின்ட்’ நுனி எல்லா வேலைக்கும் ஒத்துவரும். நுனியில் எஃகு தடித்து இருப்பதால் உடைவதும் குறைவு. வாய் நேர்கோடாகவும் முதுகு நுனியில் வளைந்து இறங்கியும் இருக்கும் ‘ஷீப்ஸ்ஃபுட்’ வடிவத்தில் குத்தும் நுனியே இல்லை. ஆடும் கப்பலில் கயிறு அறுக்கும் மாலுமிகள் இதை விரும்பியதற்கு அதுவே காரணம். சாரத்தில் நின்று கயிறு அறுப்பவருக்கும் அதே காரணம் பொருந்தும். அளவுகோலை ஒட்டி நேராகக் கீறுவதற்கும் இந்த வாய் உகந்தது. கழுகின் அலகுபோல் உள்நோக்கி வளைந்த கத்தியை எலெக்ட்ரீசியன்கள் கேபிளின் மேலுறையைச் சீவவும் தரைவிரிப்பு போடுபவர்கள் விளிம்பை வெட்டவும் வைத்திருப்பார்கள். பொது வேலைக்கு அது வசதிப்படாது. கூர்மையான ஊசி நுனி கொண்டவை பார்க்க அழகாக இருக்கும், முதலில் உடைவதும் அந்த நுனிதான்.

ரம்பப் பல் உள்ள அலகு நைலான் கயிற்றையும் தேங்காய் நார்க் கயிற்றையும் மழுங்கிய பிறகும் அறுக்கும். ஆனால் பற்களைத் தட்டையான கல்லில் தீட்ட முடியாது. உருளை வடிவத் தீட்டுகோல் வேண்டும். பென்சில், மரம், பி.வி.சி. ஆகியவற்றைச் சீவினால் வரிவரியாகப் பிசிறு விழும். கயிறே முதன்மை வேலையாக இருப்பவருக்கு ரம்பப் பல்லும், மற்றவர்களுக்கு நேர் வாயும் நல்லது.

பிடியும் உயரமும்

கட்டட வேலையில் கை பெரும்பாலும் ஈரமாகவோ தூசியாகவோ கையுறைக்குள்ளோ இருக்கும். பிடி உள்ளங்கையின் முழு அகலத்துக்கும் இருக்க வேண்டும். 10 முதல் 12 செ.மீ. நீளம் பெரும்பாலோருக்குப் பொருந்தும். கண்ணாடி இழைத் துணியை எப்பாக்ஸியில் ஊறவைத்து அழுத்திச் செய்யும் ஜி10, துணியைப் பிசினில் அழுத்திய மைகார்ட்டா, கண்ணாடி இழை கலந்த நைலான் ஆகிய மூன்றும் தண்ணீரால் உப்பாதவை, வழுக்காதவை. வழவழப்பான ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பிடி எடை கூடியது; ஈரக் கையில் நழுவும். அலுமினியப் பிடி எடை குறைந்தது என்றாலும் சிமென்ட்டின் காரம் எஃகைக் காப்பதுபோல் அலுமினியத்தைக் காப்பதில்லை, அரித்துவிடும். கலவை வேலைக்குப் போகிறவர் அதைத் தவிர்க்கலாம். பிடியின் நிறமும் கவனிக்கத்தக்கது. கறுப்புக் கத்தி மணல் குவியலிலோ ஜல்லியிலோ விழுந்தால் தேடுவது கஷ்டம். ஆரஞ்சு, மஞ்சள் நிறங்கள் தூரத்திலேயே தெரியும்.

ஒரு கையால் திறக்கும் வசதி கட்டட வேலையில் ஆடம்பரம் அல்ல. மறு கை சாரத்தையோ ஏணியையோ பற்றியிருக்கும். அலகில் கட்டைவிரலுக்கான குமிழோ துளையோ இருந்தால் திறப்பது எளிது. அமெரிக்காவின் ஸ்பைடர்கோ நிறுவனம் 1981-இல் ‘வொர்க்கர்’ என்ற பெயரில் வெளியிட்ட கத்தியில் அலகின் வட்டத் துளையும், பையின் ஓரத்தில் மாட்டும் கிளிப்பும் ஒன்றாக வந்தன. இன்றைய வேலைக் கத்திகள் பலவும் அந்த அமைப்பையே பின்பற்றுகின்றன. கையுறை போட்டுக்கொண்டே திறக்க முடிகிறதா என்பதைக் கடையிலேயே பார்த்துவிடலாம். பொத்தானை அழுத்தியதும் வில்லால் தெறித்துத் திறக்கும் பட்டன் கத்தி மட்டும் வேண்டாம். அது பைக்குள்ளேயே திறந்துகொள்ளும் அபாயம் உண்டு, சட்டச் சிக்கலும் வரலாம்.

உயரத்திலிருந்து நழுவும் சிறு கருவியையும் சாதாரணமாக எண்ணக் கூடாது. 20 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது ஆறேழு மாடி உயரத்திலிருந்து விழும் கத்தி தரையைத் தொடும்போது மணிக்கு 70 கி.மீ. வேகத்தை எட்டியிருக்கும். தலையில் சட்டி சுமந்து கீழே நடப்பவருக்கு அது உயிராபத்து. பிடியின் கடைசியில் கயிறு கோக்கும் துளை இருக்கும் கத்தியை வாங்கி, உறுதியான நைலான் கயிற்றால் பெல்ட்டிலோ இடுப்புக் கயிற்றிலோ கட்டிக்கொண்டால் இந்த ஆபத்து நீங்கும். லுங்கி கட்டி வேலை செய்பவருக்கும், சேலைமேல் சட்டை போட்டு வேலை செய்யும் பெண்களுக்கும் சட்டையின் மேல் பைதான் கைவாக்கான இடம். ஆனால் குனிந்ததும் கத்தி முதலில் நழுவி விழுவது அந்தப் பையிலிருந்துதான். அவர்களுக்கு இடுப்புக் கயிறே பாதுகாப்பு.

நல்ல கத்தியால் செய்யக் கூடாத வேலைகள்

ஜிப்சம் பலகை கீறுவது, கூரையில் ஒட்டும் தார் விரிப்பை வெட்டுவது, கண்ணாடி இழை மெத்தையை அறுப்பது, டைல்ஸ் இடுக்கைச் சுரண்டுவது ஆகியவை எந்த எஃகையும் சில நிமிடங்களில் மழுக்கிவிடும். இவற்றுக்கு பிளேடு மாற்றும் கத்தியே சரி. மழுங்கியதை ஒடித்துப் போட்டுவிட்டுப் புதிய கூரை முன்னுக்குத் தள்ளும் கத்தியை 1956-இல் ஜப்பானின் ஒசாகா நகரைச் சேர்ந்த யோஷியோ ஒகாடா உருவாக்கினார். அச்சகத்தில் காகிதம் வெட்டிய அனுபவம் உள்ளவர் அவர். உடைந்த கண்ணாடியின் புதுக் கூரையும், கோடு கோடாகப் பிரித்து உடைக்கும் சாக்லெட் பாளத்தையும் சேர்த்து யோசித்ததில் பிறந்த கருவி இது. அவருடைய ஓல்ஃபா நிறுவனம் கொண்டுவந்த 9 மி.மீ., 18 மி.மீ. அகலங்களே இன்று உலகெங்கும் பொது அளவுகள். கட்டட வேலைக்கு 18 மி.மீ. உகந்தது. ஒடித்த துண்டுகளைத் தரையில் எறியாமல் ஒரு டப்பாவில் சேர்க்க வேண்டும். கட்டட வேலையில் வெறுங்காலோடு நடப்பவர்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள்.

கட்டுக் கம்பியைக் கத்தியால் வெட்டக் கூடாது. அதற்குக் கட்டிங் பிளேயர் இருக்கிறது. மின்சாரக் கம்பியின் உறையைச் சீவுவதற்கு ஸ்டிரிப்பர் இருக்கிறது. கத்தி தாமிரக் கம்பியில் கீறல் போட்டுவிட்டால் பிறகு அந்த இடத்தில் கம்பி ஒடியும். ஜி10 பிடியோ நைலான் பிடியோ இருந்தாலும் மடக்குக் கத்தி மின்காப்புக் கருவி ஆகாது. அதன் உள்தகடும் திருகும் கிளிப்பும் உலோகம். 1000 வோல்ட் வரை பயன்படுத்தத் தகுதி பெற்ற காப்புக் கருவிகளுக்குத் தனி முத்திரை உண்டு. எதுவானாலும் மின் இணைப்பைத் துண்டித்த பிறகே கம்பியில் கை வைக்க வேண்டும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

கத்தியை மூடியபடி பார்த்தால் அலகு இரு தகடுகளுக்கும் நடுவில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் உரசினால் கீல் கோணல். திறந்து பூட்டி, நுனியை இரு விரலால் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் ஆட்டம் இருக்கக் கூடாது. பக்கவாட்டு ஆட்டத்தைத் திருகை இறுக்கிச் சரிசெய்யலாம். மேல் கீழ் ஆட்டம் பூட்டின் குறை, அந்தக் கத்தி வேண்டாம். விரல்கள் அலகு மடங்கும் பாதையில் இல்லாதபடி பிடியைப் பற்றிக்கொண்டு, அலகின் முதுகை மரத்தில் இரண்டு மூன்று முறை மெதுவாகத் தட்ட வேண்டும். பூட்டு நழுவினால் அதையும் ஒதுக்கிவிடலாம். எஃகின் பெயரைச் சொல்லாமல் ‘ஸ்டெயின்லெஸ்’, ‘சர்ஜிக்கல் ஸ்டீல்’ என்று மட்டும் எழுதியிருந்தால் உள்ளே இருப்பது எது என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பெயர்பெற்ற கத்திகளின் போலிகள் இணையத்தில் மலிந்து கிடக்கின்றன; விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால் நம்பாமல் இருப்பதே நல்லது.

பராமரிப்பு

வேலை முடிந்ததும் கரணையைக் கழுவும் வாளியிலேயே கத்தியையும் திறந்து பிடித்து அலசலாம். நல்ல தண்ணீர் கிடைத்தால் ஒரு முறை காட்டி, துணியால் துடைத்து, திறந்தபடியே சிறிது நேரம் காயவிட்டு, கீலில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் போதும். கூடுதலாக விட்டால் தூசிதான் சேரும். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்து அழுக்கைப் பிடித்துக்கொள்ளும், அது வேண்டாம்.

கூராக்குவதற்கு இருபுறம் கொண்ட கார்போரண்டம் கல் எல்லா ஹார்டுவேர் கடைகளிலும் கிடைக்கும். முரட்டுப் பக்கத்தில் தொடங்கி நைசான பக்கத்தில் முடிக்க வேண்டும். கட்டட வேலைக்கு ஒரு பக்கத்துக்கு 20 முதல் 25 பாகைக் கோணம் சரி. கோணத்தைக் கருவியில்லாமல் கண்டுகொள்ள எளிய வழி ஒன்று உண்டு. அலகைக் கல்மேல் செங்குத்தாக நிறுத்தினால் 90 பாகை. பாதி சாய்த்தால் 45. அதில் பாதி சாய்த்தால் இருபத்திரண்டரை. அந்தச் சாய்வை மாற்றாமல் ஒரு பக்கம் தீட்டி, மறுபக்கத்தில் விரலால் தடவினால் மெல்லிய பிசிறு தட்டுப்படும். தட்டுப்பட்டதும் மறுபக்கத்தைத் தீட்டி, கடைசியில் மிக லேசான இழுப்புகளால் பிசிறை நீக்க வேண்டும்.

கம்பி அறுக்கும் கிரைண்டரில் கத்தியைத் தீட்டும் வழக்கம் கட்டட வேலையில் பரவலாக இருக்கிறது. கத்தியைக் கெடுப்பதற்கு இதைவிட வேகமான வழி இல்லை. பதப்படுத்திய எஃகு சூடேறும்போது முதலில் வைக்கோல் நிறம், பிறகு பழுப்பு, 300 பாகை செல்சியஸை ஒட்டி நீலம் என்று நிறம் மாறும். நீலம் தெரிந்த இடத்தில் பல எஃகுகளில் பதம் போய்விட்டது என்று பொருள். பிறகு எத்தனை முறை தீட்டினாலும் அந்த இடம் ஓரிரு வெட்டில் மழுங்கும். அறுக்கும் வீலின் பக்கவாட்டில் அழுத்தினால் வீல் சிதறி ஆளையே அடிக்கவும் கூடும்.

சட்டமும் பாதுகாப்பும்

இந்தியாவில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தை ஒட்டிய விதிகளில், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகொண்ட கத்திகள் ஆயுத வகையில் வருகின்றன. வீட்டு, விவசாய, அறிவியல், தொழில் பயன்பாட்டுக்கானவற்றுக்கு விலக்கு உண்டு. 9 செ.மீ. அலகுள்ள வேலைக் கத்தி இந்த அளவுகளுக்கு மிகக் கீழே இருக்கிறது. வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்கள் அந்தந்த நாட்டு விதியைக் கேட்டறிய வேண்டும். பிரிட்டனில் 3 அங்குலத்துக்குள் அலகுள்ள, பூட்டு இல்லாத மடக்குக் கத்தியை மட்டுமே காரணம் காட்டாமல் பொது இடத்தில் வைத்திருக்கலாம். பூட்டுள்ள கத்திக்கு வேலை போன்ற தக்க காரணம் வேண்டும். எந்த ஊரானாலும் வேலை முடிந்ததும் கத்தியைக் கருவிப்பையில் போட்டுவிட்டுக் கிளம்புவது நல்ல பழக்கம். விமானப் பயணத்தில் அதைக் கையில் எடுத்துச் செல்லும் பையில் வைக்க அனுமதி இல்லை.

அறுக்கும்போது வாய் உடலை விட்டு விலகிப் போகும் திசையில் இருக்க வேண்டும். பொருளைப் பிடித்திருக்கும் கை அலகின் பாதைக்குப் பின்னால் இருக்க வேண்டும். வெட்டுப்பட்டால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து ரத்தத்தை நிறுத்தி, தண்ணீரால் நன்றாகக் கழுவி, மருத்துவரிடம் காட்டி டெட்டனஸ் தடுப்பூசி தேவையா என்று கேட்க வேண்டும். டெட்டனஸ் துருவால் வருவதில்லை. மண்ணில் இருக்கும் கிருமியால் வருகிறது. கட்டட வேலையில் மண் படாத காயம் அரிது என்பதால் துருப்பிடிக்காத கத்தி வெட்டியதென்று அலட்சியமாக இருந்துவிடக் கூடாது.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் கட்டட வேலைக்கான தேர்வு தெளிவாகிறது. 8 செ.மீ. அளவில் நேர் வாயும் டிராப் பாயின்ட் அல்லது ஷீப்ஸ்ஃபுட் நுனியும் கொண்ட அலகு; சாதாரணக் கல்லில் தீட்டக்கூடிய, துரு எதிர்ப்புள்ள எஃகு; முதுகு திறந்த, திருகு போட்ட, வாஷர் வைத்த கீல்; கண்ணால் பார்த்துச் சரிபார்க்கக்கூடிய பூட்டு; கயிறு கோக்கும் துளையுள்ள வழுக்காத பிடி. கூடவே முரட்டு வேலைக்கு 18 மி.மீ. பிளேடு கத்தி ஒன்று. விலை உயர்ந்த எஃகுக்குச் செலவழிக்கும் பணத்தில் இந்த இரண்டையும் ஒரு நல்ல தீட்டுக்கல்லையும் வாங்கிவிடலாம். அன்றாடம் கழுவித் தீட்டி வைத்துக்கொள்ளும் நடுத்தர விலைக் கத்தி, கவனிப்பாரற்ற உயர்விலைக் கத்தியைவிட நிச்சயமாக அதிக நாள் உழைக்கும்.